கொழும்பில் ஆறு மணி நேரம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆனி மாசத்துல ஒரு காலை நேரம். சேந்தமங்கலத்துல என்னோட டிக்கெட் புக்கிங் கடையில உட்கார்ந்திருந்தேன். பன்னெண்டு வருஷ அனுபவம். எந்த ஏர்போர்ட்டுல இருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம்னு கேட்டா, கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லுவேன். அந்தத் திமிரு எனக்கு நிறையவே உண்டு.

மலை மேல திண்ணனூர் நாடுன்னு சொல்ற ஊர்க்கூட்டத்துல இருந்து முப்பது வயசுப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. புருஷன் மாலத்தீவுல, மாலேயில சமையல்காரர். படியில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, நாளன்னைக்குக் காலையில ஆபரேஷன். அதுக்குள்ள வந்துருன்னு போன்ல அழுதிருக்கார். நல்லவேளை, பாஸ்போர்ட் கையில இருந்துச்சு.

மளமளன்னு தட்டினேன். நாளைக்குத் திருச்சியில ஏறினா பகல் பன்னெண்டுக்குக் கொழும்பு. அங்கிருந்து ஒன்னேகாலுக்கு மாலே ஃபிளைட். "எண்ணூறு கிலோமீட்டர்கூட இல்லம்மா, ஒன்றரை மணி நேரம்தான். சாயங்காலம் டீ குடிக்கறப்ப அவர் பக்கத்துல இருப்பே"ன்னு பெருமையாச் சொன்னேன்.

"ஏனுங்க பாய், முதல் ஃபிளைட்டு லேட்டாயிட்டா?"

"ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு, ரெண்டாவதை விட்டா காசு போச்சு. ஆனா ஆகாயத்துல என்னம்மா டிராபிக்கு?"ன்னு சிரிச்சேன்.

அது சிரிக்கலை. "எங்க மலை ரோட்டுல எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. ஒரு லாரி குறுக்க நின்னா அம்புட்டுத்தான். அவசரக் காரியம்னா நாங்க ஒரு பஸ்ஸு முந்தியே கிளம்பிருவோம். இங்க முந்திக் கிளம்ப வழியில்லீங்க. அதனால ரெண்டாவது ஃபிளைட்டைப் பிந்திப் போடுங்க."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. எனக்கே பாடமான்னு முணுமுணுத்தேன். அது பிடிச்ச பிடியை விடலை. கடைசியில சாயங்காலம் ஆறு மணி ஃபிளைட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஆறு மணி நேரம் கொழும்புல சும்மா உட்காரட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு நெனச்சேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் போன் வந்துச்சு. "பாய், இன்னும் திருச்சியிலதாங்க உட்கார வெச்சிருக்காங்க. ஏதோ ரிப்பேருங்களாம். ஆறு மணி ஃபிளைட்டுக்குப் போயிருவேனுங்களா?"

நான் போடப் பார்த்த ஒன்னேகால் ஃபிளைட், கொழும்புல கிளம்ப இன்னும் கால் மணி நேரம்தான் இருந்துச்சு. அதைப் போட்டிருந்தா, இப்ப ஆறு மணி ஃபிளைட்டுக்கு மாத்த இடம் கிடைச்சிருக்குமான்னு தட்டிப் பார்த்தேன். ஒரு சீட்டுகூட இல்லை.

"போயிருவே கண்ணு, தைரியமா இரு"ன்னு சொன்னேன். நேத்து முணுமுணுத்த வாய்தான் அது.

அடுத்த நாள் காலையில அவ புருஷனே போன்ல பேசினார். "பாய், ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. இவ வந்துட்டா. எனக்கு இனி பயமில்லீங்க."

கடை ஷட்டரைப் பாதியில விட்டுட்டு அப்படியே நின்னு அழுதேன். இப்பவும் தூரமும் நேரமும் எனக்கு மனப்பாடம்தான், அந்தத் திமிரு ஒண்ணும் குறையலை. ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க பேசி முடிக்கிற வரைக்கும் என் விரல் அந்தக் கீபோர்டைத் தொடுறதில்லை.