நூலக்காவின் கை

நூலக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் உடுப்பிலாவது நூல் பிரிந்து தொங்கினால் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரோ, பேங்க் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாளின் கைப்பையோ, எதுவானாலும் சரி. சுண்டு விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டு மற்ற விரல்களால் நூலைக் கிள்ளி எடுத்துவிடுவாள். திரும்பி முறைப்பவர்களிடம், "நூலுங்க, நூல்" என்று அதைத் தூக்கிக் காட்டுவாள். ஆஸ்பத்திரித் துணி அறையில் முப்பத்தோரு வருஷம் சீருடை தைத்தவளுக்கு அங்கே வைத்த பெயர்தான் நூலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

இந்த வியாதிதான் ஒருமுறை ஒரு பேயையே உண்டாக்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு வெகுநாள் முன்பு, இருபத்திரண்டு வயதில், அவள் ஒரு சினிமா ஸ்டுடியோவில் தையல் வேலை பார்த்தாள். எடுத்துக்கொண்டிருந்தது பேய்ப்படம். பாழடைந்த மாளிகையில் கதாநாயகி வெள்ளை அங்கியோடு கண்ணாடி முன்னால் நிற்கிற காட்சி. அங்கியின் ஓரம் அவசரத் தையல், எந்த நேரமும் பிரியலாம். அதனால் திரைச்சீலைக்குப் பின்னால் ஊசியும் கையுமாக உட்கார்ந்திரு என்று இவளிடம் சொல்லியிருந்தார் உடை மாஸ்டர். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, சரியாக இவள் கண்ணெதிரே, ஒரு நூல் இறங்கித் தொங்கியது. என்ன செய்வாள் பாவம்? கை போய்விட்டது. ஒரே ஒரு நொடி. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பதறிய பதற்றத்தில் நூல் கையில் சிக்கியதா, நழுவியதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மாஸ்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செட்டையே பிரிச்சாச்சும்மா. திரும்ப எடுக்க வழியே இல்ல. நீ வாயத் திறந்தா உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும். மூச்சு விடாதே."

அவள் மூச்சு விடவில்லை. படம் வந்தது. கண்ணாடிக்குள், கதாநாயகியின் பின்னால், திரைச்சீலை விலகி ஒரு வெளுத்த கை நீண்டு மறைந்ததும் தியேட்டரே அலறியது. கதையில் அந்த இடத்தில் பேயே கிடையாது! நிஜப் பேய்தான் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. படம் எடுத்தவர்கள் மறுக்கவா போகிறார்கள்? ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்துகொண்டார்கள். நம்மாள் பயந்துபோய் அந்த வேலையையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு மேலே இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி சாவகாசமாக விசிலடிக்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே பதினோரு தடவை தியேட்டருக்குப் போய்ப் பார்த்திருந்த படம் எது? அதேதான். வீட்டுக்கு அவர் முதலில் வாங்கிய பெரிய பொருள் ஒரு வீடியோ டெக். முதல் கேசட், சொல்லவே வேண்டாம், அந்தப் படம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போடுவார். அந்த இடம் வந்ததும் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி மனைவி பக்கம் வைத்துக்கொள்வார்.

"இதோ வருது பாரு. மனுஷக் கையா அது?"

அவள் தலையைக் குனிந்துகொள்வாள். தான் செய்த தப்பைத் தானே பார்க்க வெட்கம். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். ஆனால் இவ்வளவு ஆசையாகப் பயப்படுகிறவரிடம், 'அது பேயுமில்லை, பிசாசுமில்லை, உங்க பொண்டாட்டிதான்' என்று எப்படிச் சொல்வது? இப்படியே முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். பிரிவு விழாவில் ஒரு சின்ன நர்ஸ் விளையாட்டாகக் கேட்டாள், "நூலக்கா, இத்தனை வருஷத்துல பெருசா என்ன செஞ்சீங்க, சொல்லுங்க!" கால்சட்டை ஓரம், பட்டன், கிழிந்த பாக்கெட், இதைத் தவிர அவளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தக் கை ஞாபகம் வந்தது. இந்த உலகத்தில் முன்பின் தெரியாத லட்சம் பேர் பார்த்த ஒன்று தன்னிடம் இருக்கிறதே! அதை அவரிடமாவது சொல்லாமல் சாகக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "அப்பா, உங்க பேய் புதுசாகி வந்திருக்கு" என்று அந்தப் படத்தின் டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. நூலக்கா மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கை நீளும், உடனே 'என்னங்க, அது நான்' என்று சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் காட்சி வந்தது. அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

திரைச்சீலை அசையவே இல்லை. கதாநாயகி நடந்து போய்விட்டாள்.

"எங்கடி போச்சு?" என்று கத்திவிட்டாள் நூலக்கா. பேயைப் பார்த்து அலறியவர்கள் லட்சம் பேர். பேயைக் காணோம் என்று அலறியவள் அவள் ஒருத்திதான்.

மகள் படத்தை நிறுத்திவிட்டு டிஸ்க் அட்டையைப் படித்தாள். "கீறல், கறை, பழைய பிழைகள் எல்லாம் நீக்கிய புதிய பதிப்பு."

"பிழையா?" நூலக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "அது என் கைடி! என் கையைத் துடைச்சுப் போட்டுட்டாங்க!"

மகள் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நூலக்காவோ நூல், வெள்ளை அங்கி, உடை மாஸ்டர் என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். சொல்லச் சொல்ல, தானே கட்டிவிட்ட கதை மாதிரி அவளுக்கே தோன்றியது. சாட்சியும் போய்விட்டது, இனி யார் நம்புவார்கள்?

அவர் எழுந்து போனார். பரணில் உருட்டுகிற சத்தம் கேட்டது. பழைய டெக்கோடும் கேசட்டோடும் வந்து டிவிக்குப் பின்னால் குனிந்து வயரை மாட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றார், நிமிராமலே.

"என்ன தெரியும்?"

"கல்யாணமாகி ரெண்டு மாசம் இருக்கும். பஸ் ஸ்டாப்புல என் காலர்ல இருந்து ஒரு நூலை எடுத்தியே. சுண்டு விரல் கம்பி மாதிரி நின்னுச்சு. பதினோரு தடவை பார்த்த கை, எனக்குத் தெரியாதா?"

"அப்ப, பயந்து முகத்தைத் திருப்பிக்குவீங்களே?"

"பயமா? உன்னைத்தான் பார்த்தேன். இன்னைக்காவது வாயத் திறக்கிறாளான்னு."

"அட கல்லுளிமங்கா!" முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதையைத் தூக்கிக் கடாசினாள் நூலக்கா. "கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

டேப் ஓடியது. படம் ஓரளவு தெளிவாகத்தான் இருந்தது. கண்ணாடிக் காட்சி வந்ததும் மட்டும் கோடு கோடாக நடுங்கியது.

"இந்த இடம் மட்டும் ஏன்பா இப்படித் தேஞ்சிருக்கு?" என்றாள் மகள்.

அவர் தலையைச் சொறிந்தார். "உங்கம்மா ஒரு தடவை அவங்க அக்காவுக்கு உடம்புக்கு முடியலன்னு போயி மூணு மாசம் வரல. நீயும் அவகூடப் போயிட்ட. வீட்டுல நான் ஒருத்தன். அப்பப் போட்டுப் போட்டுப் பார்த்தது."

இந்த மனுஷனையா பயந்தாங்கொள்ளி என்று இத்தனை நாள் நினைத்தோம் என்று நூலக்காவுக்கு இருந்தது. அவர் சரியான நொடியில் படத்தை நிறுத்தினார். கோடுகளுக்கு நடுவே, சுண்டு விரல் விறைத்தபடி, இருபத்திரண்டு வயதுக் கை.

அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க, நூல் சிக்கியிருக்குங்க. பாருங்க, விரலுக்கு நடுவுல. புடிச்சுட்டேன்!"

"உன் கைக்குத் தப்பின நூல் ஏது?"

"இன்னொரு தடவை போடுங்க."

அவர் போட்டார். அவள் டிவியைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல அவளைப் பார்த்தார்.