எனக்குக் கால் கனமா இருக்கு

எம்.ஏ. முடித்ததும் நான் சென்னையில் சேர்ந்த மேற்படிப்புக்கு என் அப்பா வைத்த பெயர் "பேசற படிப்பு". ஒருவர் ஒரு மொழியில் பேசப் பேச, அதை இன்னொருவருக்கு அவருடைய மொழியில் அங்கேயே சொல்லும் வேலைக்கான பயிற்சி அது. ஆரணியில் பட்டுத்தறி ஓட்டும் என் அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை.

"நீதான் மூணு வயசுலேர்ந்து பேசிகினு இருக்கியே, அதுக்கு இன்னாத்துக்குடா ரெண்டு வருஷம்?" என்று கேட்டார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எங்கள் எதிர்வீட்டில் உருது பேசுகிறவர்கள். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடியே எனக்கு அது வந்துவிட்டது. பிறகு ஹிந்தி பரீட்சைகள் வரிசையாக எழுதித் தேறினேன். அந்த மிதப்பில் வகுப்பில் முதல் நாளே ஹிந்தியில் வாய் திறந்தேன். "வேண்டாம்" என்பதற்கு எங்கள் தெரு வழக்கப்படி "நக்கோ" என்று சொல்ல, டெல்லியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் மேஜையில் தலை கவிழ்த்துச் சிரித்தார்கள். அன்று ஹாஸ்டலில் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆசிரியை அதிகம் பேசமாட்டார். இரண்டு விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒன்று, பேசுகிறவர் "என் தலை வலிக்குது" என்றால் நீங்களும் "என் தலை வலிக்குது" என்றே சொல்ல வேண்டும். "அவருக்குத் தலை வலிக்குதாம்" என்று தள்ளி நிற்கக்கூடாது. இன்னொன்று, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே அதை இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் நாற்பது மணி நேரம் வெளியில் போய் வேலை பார்த்துவிட்டு அறிக்கை எழுதித் தர வேண்டும். நான் ஆரணியையே கேட்டு வாங்கினேன். எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் இப்போது பாதிப் பேர் பீகார்க்காரர்கள். அவர்களுக்கு உடம்புக்கு வந்தால் வரும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "இத்தனை நாளா கையை ஆட்டி ஆட்டித்தான் வைத்தியம் பார்த்துகினு இருக்கேன், ஜல்தியா வாங்க" என்றார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆலையில் நெல் காயவைக்கும் களத்தில் வழுக்கி, முதுகு அடிபட விழுந்திருந்தாள். கணவன் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூட்டை ஏற்றப் போய்விட்டான். அவள் பேசியது போஜ்புரி. என் ஹிந்தி அவளுக்குப் புரிந்தது. அவள் பேச்சு எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அப்போதே டாக்டரிடம் "முழுசா புரியல சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நக்கோ" சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

எங்கெங்கே வலி என்று டாக்டர் கேட்டார். அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கணுக்காலைத் தொட்டு "கோர்" என்றாள். கோர் என்றால் கால் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் தெரிந்துகொண்டேன். புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு கேளுங்க" என்றார் டாக்டர்.

கேட்டேன். அவள் தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "கோர் பாரி பா."

பாரி என்றால் கனம், பா என்றால் இருக்கு. கோர் இப்போதுதான் கற்ற சொல். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விதிப்படி அவள் குரலாகவே சொன்னேன்: "எனக்குக் கால் கனமா இருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை நாளா?"

"சௌதா மஹீனா" என்றாள். நாலாவது மாசம். அதை "நாலு மாசமா" என்று நானே பூசி மெழுகிக் கொடுத்தேன்.

"நாலு மாசமாவா? அப்ப விழுந்ததுக்கு முந்தியே இருந்திருக்கு. முதுகெலும்புல நரம்பு அழுந்துதோ என்னவோ. எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதினார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. சரியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

எக்ஸ்ரே அறைக் கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அவர் முன்னால் உள்ள எழுத்தையும் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. அறிக்கையில் எழுத இன்னொரு வரி கிடைக்குமே என்றுதான் அதை ஹிந்தியில் வாசித்துச் சொன்னேன், அவளை நினைத்து இல்லை. "கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்ரே எடுக்கும் முன் தெரிவிக்கவும்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே" என்றாள். நாலு விரலைக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் கனத்திருப்பது என்றால் ஹிந்தியில் கர்ப்பம். என் பரீட்சைப் புத்தகத்தின் மரபுத்தொடர் பக்கத்தில் மனப்பாடம் செய்தது. அங்கே காலுக்கு "பாவ்" என்று இருந்தது. இவள் "கோர்" என்றாள். தெரியாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், தெரிந்த அர்த்தத்தைத் தாண்டிப் போயிருந்தேன். எதிரில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து கேட்டால், ஒரு பெண் அதை வேறு எப்படிச் சொல்வாள்?

"அக்கா, எடுக்காதீங்க" என்று உள்ளே மெஷினைச் சரிசெய்துகொண்டிருந்த பெண்ணிடம் கத்தினேன். கதவருகே நின்றவளிடம் ஹிந்தியில் "இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

கதவுக்கு வெளியே நின்றேன். "அந்தம்மா இப்பதான் சார் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே போனதும் அது என்னவோ வரவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டேன் சார். அவங்க கர்ப்பம்னு சொன்னாங்க. நாலாவது மாசம். நான்தான் கால் கனம்னு சொல்லிட்டேன்."

டாக்டர் எழுந்து போய் சீட்டை வாங்கிக் கிழித்தார். ஸ்கேனுக்கு அனுப்பினார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. முதுகில் வெறும் ரத்தக்கட்டு. எல்லாம் முடிந்து அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேணாம். கையை ஆட்டினா எனக்குப் புரியலன்னாவது எனக்குத் தெரியும்."

அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். ஆசிரியை படித்து முடித்து, தாள்களை மூடி வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இரண்டு பக்கம் என்று நோட்டில் எழுதியவன், வெள்ளைக் கோட் போட்ட பக்கத்துக்கு மட்டும் ஓடியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போனேன். பின்னால் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கணவனும் இருந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் முகம் இறுகியது. "ஏதாவது ஆகியிருந்தா?" என்றான். அவள் குறுக்கே பேசினாள்.

"உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்லுவாங்க?"

"முழுகாம இருக்காங்கன்னு சொல்லுவோம்."

"அப்படின்னா?"

"தலைக்குக் குளிக்காம இருக்காங்கன்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் தினம் குளிக்கறேன்" என்றாள். கணவன் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்லி ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டான். அன்று ஒரு மணி நேரம் இருந்தேன். வலிக்கு, மயக்கத்துக்கு, வாந்திக்கு அவர்கள் சொல்லும் சொற்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். சிலவற்றை அவன் திருத்தினான்.

ஒரு மாதம் கழித்து டாக்டரே போன் செய்தார். வயதானவர் ஒருவருக்கு நெஞ்சுவலி, கையாட்டல் போதவில்லை. போனேன். பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு பேரிடமும், அவரவர் மொழியில், "எனக்குப் புரியலன்னா நடுவுல நிறுத்திக் கேப்பேன்" என்று சொன்னேன். அன்று நாலு தடவை நிறுத்தினேன். டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். என்ன குழந்தை பிறந்தது என்று தெரியவில்லை. நான் படிப்பை முடித்து, இப்போது இதையே தொழிலாகச் செய்கிறேன். ஒருவர் சொல்வது சட்டென்று, சுலபமாகப் புரிந்துவிட்டால், இன்னொரு தடவை கேட்கிறேன்.