மும்தாஜ் அக்காவின் வலது கண்

எம்.பி.பி.எஸ். படிச்சப்ப போன அந்த வார்டு ஃபேன் காத்து இன்னும் ஞாபகம் இருக்கு... மருந்து வாசனையோட, சூடா, நேரா முகத்துல அடிக்கும்.

அதுக்குக் கீழ இருந்த கட்டில்ல மும்தாஜ் அக்கா. ராயப்பேட்டைல பிளவுஸ் தைக்கிறவங்க. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா வாய் ஒரு பக்கமா கோணியிருக்கு, வலது கண்ணு மூடல. முகத்து நரம்புல வாதம்.

"நாளைக்கு ஃபேமிலி பிராக்டிஸ்ல உக்காந்தா உங்ககிட்ட இதுதான் வரும், நல்லா பாத்துக்கங்க"ன்னு புரொஃபசர் ஆரம்பிச்சார்.

பாத்தோம். ஒவ்வொருத்தரா போய், "பல்லைக் காட்டுங்க... கண்ணை இறுக்கி மூடுங்க." மூடாத இமைக்குள்ள கருவிழி மேல ஏறும். அதுக்கு ஒரு பேர் இருக்கு, கோரஸா சொன்னோம். நரம்பு எந்த இடத்துல அடிபட்டிருக்குன்னு சொன்னவனுக்கு "வெரி குட்!"

நான் கடைசி ஆள். எங்க வீட்ல முதல் பட்டதாரி, இங்கிலீஷ்ல வாய் திறக்கவே பயம்... அதனால பாத்துக்கிட்டே இருப்பேன். அக்கா துப்பட்டா நுனியால அந்தக் கண்ணை ஒத்தி ஒத்தி எடுத்தாங்க.

"எரியுதாக்கா?"

"மண்ணு போட்ட மாதிரி கீதும்மா. தூக்கத்துலயும் தொறந்தே கீது. ஊசில நூல் கோக்கணுமே... கண்ணு போயிடுமா?"

பி.ஜி. படிக்கிற சீனியர்கிட்ட ஓடினேன். "சார், கண்ணுக்கு டிராப்ஸ் எழுதவே இல்லையே..."

"அதெல்லாம் கண் டிபார்ட்மென்ட் பாக்கும்மா. எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க. நீ போய் நரம்பு எந்த வழியா போகுதுன்னு படி."

சில நாள் கழிச்சுதான் அக்காவைக் கண் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பினாங்க. அதுக்குள்ள கருவிழில புண்ணு. வாய் மெல்ல நேராயிடுச்சு. கண்ணுல வெள்ளைத் தழும்பு நின்னுடுச்சு.

எனக்கு இன்னும் ஆறல. ஒரு பாட்டில் டிராப்ஸ், படுக்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு துண்டு பிளாஸ்டர். ஃபேமிலி டாக்டர் செய்ய வேண்டிய முதல் வேலையே அதுதானே? அத்தனை பேரும் குனிஞ்சு குனிஞ்சு அந்தக் கண்ணைத்தானே பாத்தோம்!

இப்ப நான் மந்தைவெளில ஒரு கிளினிக்ல ஃபேமிலி டாக்டர். மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் பயிற்சிக்கு போஸ்டிங் வர்றாங்க. அன்னிக்கு மாதிரி கூட்டம் இல்ல, ரெண்டே பேர். பக்கத்துல உக்காந்து நிதானமா பாக்கலாம்... அப்படி ஒரு வகுப்பு எனக்குக் கிடைச்சிருக்கலாம்னு தோணும்.

போன வாரம் அதே மாதிரி வாய் கோணின ஒருத்தர் வந்தார். ஸ்டூடன்ட் பொண்ணு ஒருத்தி நரம்போட வழியை மூச்சு விடாம ஒப்பிச்சா. "சரிம்மா, கண்ணுக்கு என்ன பண்ணுவே?"ன்னேன். மறுபடி நரம்பையே ஆரம்பிச்சா. இமையை எப்படி ஒட்டணும்னு செஞ்சு காட்டினேன். எழுதிக்க பேனாவை எடுத்தா.

"மேடம், இதுக்கு எக்ஸாம்ல மார்க் உண்டா?"

"இல்ல."

பேனாவை மூடி பாக்கெட்ல வெச்சுக்கிட்டா.