பன்னிரண்டாவது துண்டு

கல்முனைக்கு எஞ்சின் வட்டவாள் வந்த புதிதில், மனைவியின் நூல் ராட்டைக்குப் பன்னிரண்டு மரத்துண்டுகளை ஒட்டிச் சக்கரம் கடைந்தேன். துண்டுகளைச் சரிவாக அறுக்க, மரத்தை வாளுக்குத் தள்ளும் பலகையொன்று வேண்டும். கோணத்தை ஆணியடித்து இறுக்கினால் அந்தச் சக்கரத்துக்கு மட்டுமே உதவும். திருகு வைத்தால் கோணத்தை மாற்றி எல்லா வேலைக்கும் எடுக்கலாமென்று திருகையே வைத்தேன்.

திருகு மயிரளவு இளகிவிட்டது. துண்டுக்குத் துண்டு பிழை கூடி, கடைசித் துண்டருகே வாய் பிளந்தது. அந்த இடைவெளியில் ஒரு மரச்சிம்பைச் செருகினேன். ராட்டைக் கயிறு அதைத் தாண்டும்போதெல்லாம் ‘டக்’ என்றது.

“அது கெடக்கட்டுங்க. நூல் அளவுக்குச் சுத்து எத்தினையெண்டு காது எண்ணிக்கும், வாய் உங்களோட கதைக்கும்,” என்றாள் மனைவி.

“எண்ட பிழைய ஊரெல்லாம் கேக்கணுமோ?” என்று கத்தினேன்.

ஆணியடித்த பலகை செய்து, புதுச் சக்கரம் பூட்டினேன். பழையதை உடைத்து அடுப்பில் வைத்தேன். புதியது சத்தமே போடவில்லை. சுற்றுக் கணக்குத் தவறிவிடுமென்று அவள் வாய்க்குள்ளேயே எண்ணினாள். நான் பேச்செடுத்தால் கையைக் காட்டி நிறுத்தினாள்.

மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்து மவுத்தாகி மண்ணுக்குள் போனாள். அந்த மூன்று மாதமும் ராட்டையடியில் அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சக்கரம் மட்டும் பிசகில்லாமல் சுற்றியது.