சீன ஆப்பிளும் நார்த்தங்காயும்

கைக்குழந்தைக்கு ஆரஞ்சு என்கிற கிச்சிலிப் பழச் சாறு கொடுத்தால் சளி பிடிக்குமா, பிடிக்காதா? இரண்டாவது குழந்தை மடியில் கிடக்கும் இந்த நாளிலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மூத்தவளுக்கு எட்டு மாதம் ஆனபோது ஈறில் இரத்தம் கசிந்தது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு, நெடுஞ்சாலையோரம் வெளிநாட்டுக் கன்னியர் நடத்திய மருந்தகத்துக்குப் போனேன். தினம் இரண்டு கரண்டி கிச்சிலிச் சாறு கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் சொன்னதும் மாமியாரின் முகம் வெளிறியது. தலைச்சன் பிள்ளையை மார்ச்சளிக்குப் பறிகொடுத்தவர் அவர்.

"அந்தக் குளிர்ச்சிய ஊத்தி என் பேத்தியயும் வாரிக் குடுக்கச் சொல்றியா?"

இரு பக்கத்துச் சொல்லையும் மீற எனக்குத் துணிவில்லை. குளிர்ச்சி போகட்டும் என்று சாற்றை ரசம்போலக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பத்து நாளாகியும் ஈறு ஆறவில்லை. மறுபடி மருந்தகத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"கொதித்தால் சத்து போய்விடும், அம்மா. சீன ஆப்பிளில் ரசம் வைத்தீர்களா?" என்று ஹாலந்துக்கார சிஸ்டர் சிரித்தார். சீனாவிலிருந்து கப்பலில் வந்ததால் அவர்கள் மொழியில் அதற்கு அந்தப் பெயராம். கிரேக்கர்களோ போர்த்துக்கல் நாட்டின் பெயரையே பழத்துக்கு வைத்துவிட்டார்களாம்.

ஸ்பெயின்கார சிஸ்டர் விடவில்லை. "நாங்கள் நரன்ஹா என்போம். அரபிகள் கொண்டுவந்த சொல். பிரெஞ்சுக்காரர்கள் அதன் தலையில் இருந்த 'ந'வைத் தின்றுவிட்டார்கள், அதனால்தான் ஆரஞ்சு. நீங்கள் உப்பில் போடுவீர்களே, அந்தக் காய்க்கு என்ன பெயர்?"

"நார்த்தங்காய்."

"அதற்கும் இதற்கும் ஒரே வேர் என்று படித்திருக்கிறேன்."

எங்கள் ஊறுகாய் ஜாடியில் கிடந்த பெயர் பாரசீகம், அரேபியா என்று நடந்து, கடல் தாண்டி, தலையிழந்து ஆரஞ்சாகத் திரும்பி வந்திருக்கிறது. அது நடந்த தூரத்தை வியந்துகொண்டே வீடு வந்தேன்.

"பத்தியத்துல நீங்களே எனக்கு நார்த்தங்காய் குடுத்தீங்களே அத்தே. இதுவும் அந்த வம்சம்தானாம்."

"ஒறவுன்னா சளி புடிக்காதா? உன் மாமனாருக்கும் ஒரு தம்பி கீறாரு. அவரும் இவரும் ஒண்ணா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

மறுநாள் காலை அவரே ஒரு பழத்தை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடேற்றினார். உள்ளங்கையில் உருட்டிப் பிழிந்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினார். அதன்பின் பல நாள் குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டபடியே இருந்தார். ஈறு ஆறியது. சளி பிடிக்கவில்லை. காப்பாற்றியது சத்தா, அந்த வெயிலா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இப்போது ஐப்பசி. நாலு நாளாக வெயிலே இல்லை. மாமியாரும் இல்லை. பழம் கூடையில் இருக்கிறது, சின்னவன் அழுகிறான். மழை நாளில் நீங்கள் சாற்றின் குளிர்ச்சியை எப்படிப் போக்குகிறீர்கள்? அல்லது அப்படியே கொடுத்துவிடுகிறீர்களா? பிள்ளை வளர்த்த தாய்மார்கள் எனக்கு எழுதுங்கள்.