மூடிய கேட்டும் நாலு எழுத்தும்

நேற்று தாம்பரத்தில் வறுத்த கடலை மடித்துக் கொடுத்த தாளில் குறுக்கெழுத்துக் கட்டங்கள் இருந்தன. சூடான கடலை வாசனையோடு அந்த நீளமான குறிப்புகளைப் படித்ததும், குரோம்பேட்டையில் இப்போது இல்லாமல் போன எங்கள் ரயில்வே கேட் நினைவுக்கு வந்துவிட்டது.

காலையில் கேட் மூடினால், இரண்டு பக்கமும் மின்சார ரயில்கள் போய், அதன்பின் ஒரு கூட்ஸும் உருண்டு முடியும்வரை யாரும் நகர முடியாது. அப்பா ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வாரப் பத்திரிகைத் தாளைப் பிரித்து, சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும்படி குறிப்புகளைப் படிப்பார். நான் அவர் சட்டையைப் பிடித்தபடி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்குத் தாமதமாகப் போனால் வசந்தா மிஸ் வகுப்புக்கு முன்னால் நிற்க வைப்பார். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்.

ஒரு நாள், பள்ளியில் மணி அடித்திருக்கும் நேரம். அப்பா நிதானமாகப் படித்தார்.

"ஊரெல்லாம் கூட வரும், வீட்டுக்குள் வராது. கோயிலில் சாமி கும்பிடும்போதும் மனசு இதையே நினைக்கும். நாலு எழுத்து."

"மச்சானா சார்?" என்றார் பக்கத்தில் நின்ற பால்காரர்.

"உன் மச்சான் வூட்டுக்குள்ள வராமயா கீறான்?" என்றார் ஆட்டோக்காரர்.

"செருப்பு சார்," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "போன வாரம்தான் கோயில்ல என்னுது தொலைஞ்சுது."

திரும்பினேன். சைக்கிளைப் பிடித்தபடி வசந்தா மிஸ் நின்றிருந்தார்.

"நீயும் மாட்டிக்கிட்டியா?" என்றவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "சரி, அடுத்தத படிங்க சார்" என்றார்.

அப்பாவின் சட்டையை விட்டேன். கூட்ஸ் வந்தது. அதன் பெட்டிகளை முதல் தடவையாக ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன்.