தனக்கு மட்டும் இரண்டு இன்ச் குறைவு

மாரண்டஹள்ளியில் ரவிக்கை தைக்கும் சாயிராவிடம் கூட்டம் மொய்ப்பது தையலுக்காக மட்டும் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். அளவெடுக்கும்போது எந்தப் பெண்ணும் வயிற்றை எக்கிக்கொள்வாள். "மூச்சை இழுக்காதீங்க, சும்மா நில்லுங்க" என்பாள் சாயிரா. போன வருட ரவிக்கை இறுக்குகிறதென்று யாராவது முகம் வாடினால், துணிதான் சுருங்கிவிட்டது என்று சொல்லி, உள்ளே விட்டுவைத்த தையலைப் பிரித்துக் கொடுப்பாள். பச்சைப் பொய். அதைக் கேட்பதற்காகவே ஓசூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள்கூட துணியை இங்கே கொண்டுவந்தார்கள்.

தன் விஷயத்தில் அவள் நாக்கே வேறு. கணவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தடிச்சி என்பான். இன்னொருத்தியோடு போய் வருடங்கள் ஆகின்றன. ஆள் தொலைந்தான், சொல் தொலையவில்லை. ஆளில்லாத வீட்டில் அதை அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். திட்டினால்தான் உடம்பு இளைக்கும் என்று ஒரு நம்பிக்கை. இளைத்தால்தானே! விடியற்காலையில் பாலக்கோடு சாலையில் நடப்பாள், மதியம் வரை பட்டினி கிடப்பாள். சாயங்காலம் டீயோடு மொறுமொறுவென்று ஒரு வர்க்கியைத் தின்றுவிட்டால் போச்சு. "தடிச்சி, உன்னால ஆவுமா? தின்னு" என்று திட்டிக்கொண்டே பொட்டலத்தைக் காலி செய்வாள். திட்டுக்குப் பயந்து கொழுப்பு ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரம்ஜானுக்கு ரம்ஜான் தனக்கு ஒரு சுடிதார் தைப்பாள். ஊருக்கெல்லாம் தாராளமாகத் தையல் விடுகிறவள், தனக்கு மட்டும் அளவில் இரண்டு இன்ச் குறைத்து வெட்டுவாள். பண்டிகைக்குள் இளைத்துவிடலாம் என்று கணக்கு. ஒன்றையும் போட முடிந்ததில்லை. பீரோ நிறைய மெலிந்த சாயிராக்கள் தொங்கினார்கள்.

தக்காளி மண்டிக்காரர் மகள் கலைமணி மட்டும் தைக்கத் துணி இல்லாத நாளிலும் வருவாள். வாட்டசாட்டமான பெண். டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். அவளுக்கென்றே சாயிரா நல்ல டீத்தூளாக வாங்கி வைத்திருந்தாள். அவள் வராத நாள் சாயிராவுக்கு நாளாகவே இருக்காது.

கலைமணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்று கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனாள். மேஜைமேல் அவளுடைய பட்டுப்புடவை கிடந்தது. சாயிராவுக்கு ஆசை. முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"தடிச்சி, உனக்கெதுக்குப் பட்டு? எருமைக்குப் போத்துன மாதிரி இருக்கு."

அவள் முந்தானையை மடித்து வைப்பதற்கும் திரை விலகுவதற்கும் சரியாக இருந்தது. கலைமணி தன் பழைய உடுப்பில் நின்றாள், கண்கள் சிவந்திருந்தன. ரவிக்கையை வைத்துவிட்டு, புடவையை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

தன்னைச் சொன்னதாகக் கலைமணி எடுத்துக்கொண்டாள் என்பது சாயிராவுக்கு அப்புறம்தான் உறைத்தது. இருந்த ஒரே பேச்சுத்துணையும் போய்விடுமோ என்று பயந்தாள். போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் கலைமணி எடுத்தாள்.

"கண்ணு, அது உன்னயச் சொல்லல, சத்தியமா. என்னையச் சொல்லிக்கிட்டேன். தெனமும் அப்படித்தான் பேசிக்குவேன்."

"அப்பாடா, உங்களயாக்கா? ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கலக்கா."

கலைமணி சிரித்தாள். அம்மா வந்து ரவிக்கையை வாங்கிக்கொள்வாள், கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஏன்க்கா அப்படித் திட்டிக்கிறீங்க என்று கேட்பாள் என்று சாயிரா எதிர்பார்த்திருந்தாள். கேட்கவில்லை. அது அவளுக்கு மிகவும் வலித்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்த சொல்லை, தான் இத்தனை வருடம் தினமும் விழுங்கியிருக்கிறோம் என்று நினைத்து அழுதாள்.

மறு ரம்ஜானுக்குத் துணி எடுத்து வைத்திருந்தாள். கண்ணாடி முன் நின்று இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். வயிறு தானாக எக்கியது.

"மூச்சை இழுக்காதீங்க" என்றாள் கண்ணாடியில் இருந்தவளிடம். "சும்மா நில்லுங்க."

டேப் காட்டிய அளவைக் குறைக்காமல், உள்ளே தாராளமாகத் தையலும் விட்டு, துணியை வெட்டினாள்.